கிளுவையா, பூவரசா?

யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்றை விரித்தால் முதலில் காணியின் பெயர் இருக்கும். பிறகு விஸ்தீரணம். அதன்பின் கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்று நாலு எல்லை. கடைசியில் அந்த எல்லைகளுக்குள் அடங்கிய கிணறு, வான்பயிர், செய்பயிர். வேலியைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிகூட இராது. ஆனால் எழுதி முடித்த உறுதி மறுபடி கந்தோருக்கு வருகிறதென்றால், அந்த எழுதாத வேலிதான் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும்.

1970களில் ஒரு நொத்தாரிசு ஐயாவிடம் எழுதுவினைஞனாகச் சேர்ந்தவன் நான். எனக்கு மரத்தைப் பற்றி எதுவும் தெரியாது. தோட்டம் செய்ததில்லை, தச்சுவேலை பழகியதில்லை. தெரிந்ததெல்லாம் கந்தோர் வாங்கில் வந்திருந்து சனம் சொன்னவைதான். “பூவரசு நட்டது எங்கடை அப்பு”, “கிளுவையைப் பிடுங்கி எறிஞ்சு போட்டான்”, “முருங்கையை எங்கடை பக்கம் சாய்ச்சு விட்டிட்டினம்.” இப்படிக் கேட்டுக் கேட்டு, வேலிக்கு எந்த மரம் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் யோசித்து எடுத்த முடிவு என்பது மெல்ல மெல்ல விளங்கியது. அப்படிச் சேர்ந்த சரித்திரம்தான் இது.

முதலில் ஏன் இவ்வளவு வேலி? இந்தக் கேள்விக்கு விடை சீதனம். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இங்கத்தைய வழக்கங்களைத் திரட்டி எழுதிக் கொடுத்ததுதான் தேசவழமை. பெண்ணுக்குச் சீதனமாகக் காணி கொடுப்பது அதிலே விரிவாக உண்டு. எல்லையோரத்து மரம் பக்கத்து வளவுக்குள் சாய்ந்து காய்த்தால் காய் யாருக்கு என்ற சங்கதியைக்கூட அது விடவில்லை. பெண்பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் காணியில் ஒரு துண்டு போகும். துண்டு போனால் நடுவில் ஒரு வேலி எழும். ஏக்கர் என்று பேசுவதே எங்களுக்குப் பழக்கமில்லை, பேச்செல்லாம் பரப்புத்தான். வரகுக் காணியில் பதினாறு பரப்பு ஓர் ஏக்கர், நெற்காணியில் இருபத்துநாலு. இரண்டு பரப்பு, ஒன்றரைப் பரப்பு, முக்கால் பரப்பு என்று தலைமுறைக்குத் தலைமுறை காணி தேய, வேலி நீண்டது. நாலு சகோதரிகள் பிறந்த ஒரு வளவில் எவ்வளவு வேலி வேண்டியிருக்கும் என்று கணக்குப் பார்த்தால் தலை சுற்றும்.

அவ்வளவு வேலிக்கும் மரத்துக்கு எங்கே போவது? குடாநாட்டில் காடு என்று சொல்ல ஒன்றுமில்லை. சுண்ணாம்புக் கல்லின் மேல் ஒரு படை மண், அவ்வளவுதான். வலிகாமத்தில் சில வளவுகளில் அலவாங்கைப் போட்டால் இரண்டாம் குத்திலேயே கல் இடித்துக் கை அதிரும். நல்ல தடி வேண்டுமென்றால் வன்னிக்குப் போகவேண்டும். பாலை, முதிரை, கருங்காலி எல்லாம் அங்கேதான். ஆனால் முதிரையும் கருங்காலியும் வீட்டுக்கும் தளபாடத்துக்கும் போகிற மரங்கள். அவற்றை வேலிக்கு நடுவது செல்வந்தனின் விளையாட்டு.

காசு இருந்தாலும் செத்த மரம் மண்ணிலே நின்று பிடிப்பது கடினம். தடியின் அடி உக்காது, நுனி உக்காது. மண்ணும் காற்றும் சந்திக்கிற அந்தச் சாண் அளவு இடம்தான் உக்கும். ஈரமும் காற்றும் ஒன்றாகச் சேர்கிற இடம் அது என்பதால் பூஞ்சணத்துக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. கறையானும் அங்கேதான் ஏறும். அடியைச் சுட்டுக் கரியாக்கி நடுவார்கள், தார் பூசி நடுவார்கள். எல்லாம் சில மாரிக்குத்தான். பனையில் வைரம் பாய்ந்த பகுதி நன்றாக நிற்கும். ஆனால் ஒரு முதுபனையைத் தறித்து வேலிக்குக் கொடுக்க எந்த வீட்டுக்காரனுக்கு மனம் வரும்? கூரைக்கு வளை, தீராந்தி எல்லாம் அதிலிருந்துதானே வரவேண்டும்.

ஆகவே எங்கள் ஊர் கண்டுபிடித்த வழி கதியால். வெட்டி நட்டால் வேர் விடுகிற மரத்தின் தடி. எங்கள் வளவுக்கு வேலி அடைக்க வரும் பெரியவர் ஒருவர், நான் சிறுவனாய் இருந்தபோது சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “தம்பி, செத்த தடிக்கு நாங்கள் காவல் இருக்கவேணும். உயிர்த்தடி எங்களுக்குக் காவல் இருக்கும்.” உயிருள்ள மரத்தில் அந்த மண்மட்டத்து நோய் ஏறாது. செத்த தடி வருசத்துக்கு வருசம் மெலியும், கதியால் வருசத்துக்கு வருசம் தடிக்கும்.

எந்தக் கதியால்? இங்கேதான் விவாதம். முன்னுக்கு நிற்பவை இரண்டு, கிளுவையும் பூவரசும்.

கிளுவை ஏழையின் மரம் என்பார்கள். எனக்கு அது புத்திசாலியின் மரமாகத்தான் படுகிறது. தோல் கடதாசிபோல் உரியும், உள்ளே பச்சை தெரியும். தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. கோடையில் இலையைக் கொட்டிவிட்டுச் செத்தது போல நிற்கும், ஒரு மழை விழுந்ததும் துளிர்க்கும். ஆடு விரும்பித் தின்னும் குழை. மரம் மென்மை, பலகைக்கு ஆகாது, விறகுக்கும் நல்ல விறகல்ல. இது குறை என்று நினைப்பவர்கள் வேலியைப் பற்றி யோசிக்காதவர்கள். எதற்கும் உதவாத தடியை இரவில் வந்து ஒருவனும் வெட்டமாட்டான்.

பூவரசு வேறு சாதி. நாலைந்து வருசத்தில் கைக்குள் அடங்காது. உள்வைரம் கருஞ்சிவப்பாக இறுகும், தச்சன் அதற்குக் காசு கொடுப்பான். பெரிய இலை. புகையிலைத் தோட்டத்துக்குப் பசளையாக அந்தக் குழைக்கு ஒரு மதிப்பு இருந்தது. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குப் பெருவாரியாகப் போன காலத்தில், தோட்டக்காரர் வேலியைப் பார்த்தது பசளைக் கிடங்கைப் பார்ப்பது மாதிரித்தான். ஒரு வளவைச் சுற்றிப் பூவரசு நின்றால் எத்தனை கன்றுக்குக் குழை தாழ்க்கலாம் என்று மனக்கணக்குப் போடுவார்கள். குழந்தைகள் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவது இலவசம். ஆனால் பூவரசுக்கு நிழல் அதிகம். வேலியோரத்துக் கத்தரி, மிளகாய் எல்லாம் சோர்ந்துபோகும். வேர் கிணற்றுக்கட்டுவரை தேடிப் போகும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். வாதராணி வளரும், காற்றுக்கு முறியும். முருங்கை குசினிப் பக்கத்துக்கு. ஆச்சிமார் எட்டிக் காய் பறிக்க வசதி, ஆனால் மாரியில் மயிர்க்கொட்டி அப்பிக்கொள்ளும். முள்முருக்குக்கு ஒரு தனி மரியாதை உண்டு. கல்யாணத்துக்குக் கன்னிக்கால் நடுவது முள்முருக்கந் தடியில்தான். மூத்தவளின் கல்யாணத்தில் நட்ட கன்னிக்கால் வேர்விட்டு, அவளுக்குப் பிரித்துக் கொடுத்த காணியின் வேலியில் ஒரு கதியாலாக நின்ற வீடு ஒன்று எனக்குத் தெரியும்.

நடுகிற முறையில் கண்டிப்பு அதிகம். மணிக்கட்டுப் பருமன் தடி, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம். வெட்டியவுடன் நடமாட்டார்கள். நிழலில் சில நாள் சாத்தி வைப்பார்கள், வெட்டுவாயில் பால் வற்றவேண்டும் என்பதற்காக. நுனியைச் சரிவாக வெட்டுவது மழைத்தண்ணீர் தங்காமல் வழிய. அந்த நுனிக்கு ஒரு பிடி சாணி அப்புவது வெயிலில் காய்ந்து வெடிக்காமல் இருக்க. அடிப்பக்கத் தோல் உரியாமல் இறக்கவேண்டும் என்பதால், அலவாங்கால் முதலில் துவாரம் போட்டுவிட்டுத்தான் தடியை விடுவார்கள். சுத்தியலால் அடித்து இறக்கினால் பெரியவருக்குக் கோபம் வரும். ஐப்பசியில் முதல் மழை விழுந்த கையோடு நட்டால் தையில் துளிர் தெரியும். தலைகீழாக நட்ட தடி பிடிக்காது. எது தலை, எது கால் என்று மொட்டுக் கண்ணைப் பார்த்து அறியவேண்டும். சந்தையில் கட்டுக்கட்டாகக் கதியால் வாங்குகிற புதுப்பணக்காரர் இதிலே ஏமாறுவதுண்டு.

கதியால் எலும்பு மட்டும்தான். மூடுவதற்குத் தென்மராட்சிப் பக்கம், தென்னை அதிகமானபடியால், கிடுகு. தண்ணீரில் ஊறப்போட்ட தென்னோலையைப் பின்னி எடுப்பது. வடமராட்சியிலும் தீவுப்பகுதியிலும் பனையோலை, அல்லது பனைமட்டையை நெருக்கி நிறுத்திய மட்டைவேலி. தோட்டத்துக்கு வெறும் முட்கொப்புகளைச் சொருகிய அலம்பல் வேலி. கிடுகை நிறுத்தி, குறுக்கே வரிச்சு வைத்துக் கயிற்றால் இழுத்துக் கட்டுவார்கள். இதற்கென்றே குத்தூசி என்று ஒரு கருவி, முழ நீளத்துக்கும் மேல், நுனியில் கயிறு கோக்கக் கண். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். வெளியே நிற்பவர் குத்தூசியை ஓலைக்கூடாகக் குத்துவார். உள்ளே நிற்பவர் கயிற்றைக் கழற்றி வரிச்சைச் சுற்றி மறுபடி கண்ணில் கோத்து விடுவார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. “விடு”, “இழு”, “பொறு பொறு, கை!” என்ற சத்தம் மட்டும் காலையிலிருந்து மத்தியானம்வரை வேலி நெடுகப் போய்க்கொண்டிருக்கும். ஊர்ப் புதினம் முழுதும் அந்த நேரத்தில்தான் கைமாறும். கழற்றிய பழைய ஓலையும் வீணாகாது, தோட்டத்து மண்ணுக்குள் போகும்.

அந்த வேலையைச் செய்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் வேலியின் அழகை மட்டும் எழுதுகிறவர்கள் மீது எனக்கு மரியாதை இல்லை. வேலியை அடைத்த கைகளுக்கு வளவுக்குள் அனுமதி இருந்தது, விறாந்தையில் ஏற அனுமதி இருக்கவில்லை. தேத்தண்ணி சிரட்டையில் கொடுத்த வீடுகள் எத்தனையோ. தெருவாசல் சங்கடப்படலையில் வழிப்போக்கனுக்கு இருக்கத் திண்ணையும் குடிக்கத் தண்ணீரும் வைத்த அதே ஊரில்தான் இது நடந்தது. பெண்பிள்ளைகளை ஒழுங்கையில் போகிறவன் கண்ணுக்குத் தெரியாமல் வைத்ததும் இந்தக் கிடுகுதான். பெண்கள் அதற்குள்ளாலேயே ஒரு பொட்டைப் பிரித்து வைத்து, பக்கத்து வீட்டோடு சீனி, நெருப்பு, கதை எல்லாம் பரிமாறிக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

நெடுந்தீவில் மட்டும் இந்தக் கதை ஒன்றும் செல்லாது. அங்கே வேலி கல். பவளப்பாறைக் கற்களைச் சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விடுவார்கள். அந்தக் காற்றையும் உப்பையும் தாங்குகிற பொருள் காலடியிலேயே கிடக்கையில் மரத்தைத் தேடுவானேன்.

வழக்குக்கு வருவோம், என் தொழில் அதுதானே. இலங்கையில் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிச் சட்டத்தின்படி, ஒரு காணித்துண்டை இன்னொருவர் உரிமைக்கு எதிராக, இடையூறில்லாமல் பத்து வருசம் ஆண்டவர் அதற்கு உரித்துக் கோரலாம். இந்தப் பத்து வருசத்தை எங்கள் சனம் நன்றாக விளங்கி வைத்திருந்தது. கிடுகு மாற்றுகிற சாட்டில் பட்டுப்போன கதியாலைப் பிடுங்கிவிட்டுப் புதியதை நாலு விரல் தள்ளி நடுவார்கள். அடுத்த வருசம் அதற்குப் பக்கத்துக் கதியால். இப்படியே ஒரு வேலி நகர்ந்து நகர்ந்து போகும். பத்து வருசம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் விழித்துக்கொள்ளும்போது கிணற்றடிவரை வந்திருக்கும்.

வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். கோட்டில் ஓணானை ஏற்ற முடியாது, கதியாலை ஏற்றலாம். நில அளவையாளர் வந்து வரைபடம் கீறும்போது உயிர்வேலியா, செத்தவேலியா என்று குறிப்பார். கம்பித்தூணை நேற்று நட்டானா, இருபது வருசத்துக்கு முன் நட்டானா என்று யார் சொல்ல முடியும்? அடிமரம் ஒரு முழச் சுற்றளவுள்ள பூவரசு எல்லையில் வரிசையாக நின்றால், நேற்று நட்டது என்று எந்த அப்புக்காத்தும் வாதாட முடியாது. ஆகவே சந்தேகமான எல்லையில் பூவரசு, சகோதரிகளுக்கு இடையிலான உள்வேலிக்குக் கிளுவை என்று எங்கள் பக்கத்தில் நான் கண்ட வீடுகள் பல. சண்டை வரக்கூடிய இடத்தில் தடிக்கிற மரம், நாளைக்கு ஒருவேளை எடுக்கவேண்டி வரும் இடத்தில் லேசான மரம். பூவரசுக்கு இதிலும் ஒரு குணக்கேடு உண்டு. இரண்டு பக்கமும் தடிப்பதால், நட்டவன் சும்மா இருந்தாலும் மரமே பக்கத்துக் காணியில் அரைச் சாண் பிடித்துவிடும். அந்த அரைச் சாணுக்காகப் பேச்சு முறிந்த அண்ணன் தம்பிகள் ஒருவர் செத்தவீட்டுக்கு மற்றவர் போகவில்லை. அவர்களின் காணி உறுதியை நான்தான் எழுதினேன்.

பிறகு வந்தது சீமைக்கிளுவை. மத்திய அமெரிக்காவும் மெக்சிகோவும் அதன் தாயகம், இலங்கைக்கு வந்தது தேயிலைத் தோட்டத்து நிழல் மரமாக. நட்டால் எங்கும் பிடிக்கும், வெட்ட வெட்டத் தழைக்கும், காற்றிலுள்ள நைதரசனை வேர் வழியே மண்ணுக்குக் கொடுக்கும். 2005இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது தோட்டப் பயிராக அரசாங்கமே அதை அறிவித்தது. எங்கள் வேலிகளில் நாட்டுக் கிளுவையின் இடத்தை அது சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டது. முதலில் ஆடு முகர்ந்துவிட்டு விலகும். வாடவைத்துக் கொடுத்துப் பழக்கினால் தின்னும். ‘இப்பில் இப்பில்’ என்று ஒன்றையும் கொண்டுவந்தார்கள். அது விதை கொட்டி வளவு முழுக்க முளைத்ததுதான் மிச்சம்.

யுத்தம் வந்தபோது வேலிக்கு வேறு வேலை கிடைத்தது. 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் நகரத்தை நோக்கி நகர்ந்த நாள்களில் றோட்டால் போக முடியாது. சனம் வளவுக்கு வளவு பொட்டுப் பிரித்துக்கொண்டு போனது. ஓரடி எல்லைக்காக வழக்குப் பேசியவரின் வேலியை எதிராளியே பிரித்து, அந்த வழக்குக்காரரின் தாயைத் தூக்கித் தன் வளவுக்குள் விட்டதெல்லாம் நடந்தது. 1990க்குப் பிறகு வடக்குக்குச் சீமெந்து கொண்டுவரத் தடை. மதில் கட்ட ஆசைப்பட்டவர்களும் கிடுகோடு இருந்தார்கள். குடாநாட்டில் கிடுகு வேலி மற்ற இடங்களைவிட நீண்டநாள் உயிரோடு இருந்ததற்கு எங்கள் பாரம்பரியப் பற்றைக் காரணம் காட்டுவார்கள். சீமெந்துத் தடைதான் காரணம் என்பது என் எண்ணம்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அந்த மாரி முழுக்க வேலிகளுக்கு ஆளில்லை. அடுத்த வருசம் நாங்கள் திரும்பி வந்தபோது ஓலை உக்கிக் கொட்டுண்டு போயிருந்தது. கதியால்கள் மட்டும், குழை வெட்ட ஒருவரும் இல்லாமல், கொப்பும் கிளையுமாக மரமாகிவிட்டிருந்தன. ஒழுங்கைகள் காட்டுப்பாதை மாதிரி இருண்டு கிடந்தன. பல வீடுகளில் உறுதி தொலைந்து போயிருந்தது. எல்லை தொலையவில்லை. வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட ஊர்களில் நிலைமை மோசம். யுத்தம் முடிந்து, காணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டபோது, வீடும் வேலியும் தரைமட்டமான இடங்களில் சனம் கிணற்றையும் மிஞ்சிய ஒரு மரத்தையும் வைத்துத்தான் தங்கள் வளவைத் தேடியது.

2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தது. லொறி லொறியாகச் சீமெந்து வந்தது. வெளிநாட்டுக் காசும் வந்தது. மதில்கள் எழும்பின. சீமெந்துதான் கிடுகு வேலியைக் கொன்றது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் முழுதாக ஒத்துக்கொள்ளமாட்டேன். கதியால் வேலிக்கு வருசா வருசம் ஒரு ஆள் வேண்டும், குழைக்கு ஒரு ஆடு வேண்டும், இலைக்கு ஒரு தோட்டம் வேண்டும். புகையிலைக்கு யூரியா வந்தது. ஆட்டுக்கொட்டில் இருந்த இடத்தில் மோட்டார்சைக்கிள் நிறுத்தினார்கள். வேலி அடைத்தவரின் பேரன் சுவிஸில் இருக்கிறான், அது நல்ல விஷயம். இத்தனையும் போன பிறகு மிஞ்சியது வெட்ட ஆளில்லாத ஒரு குட்டிக் காடு. அதை மதிலாக்குவது புத்திதான். ஆனால் சாந்து பூசின மதிலில் வயசு தெரியாது. போன கிழமை கட்டினதும் பத்து வருசத்துக்கு முந்தியதும் ஒரே வெள்ளை.

எங்கள் பக்கத்துக் காணிக்காரர் கனடாவிலிருந்து வந்து மூன்று பக்கம் மதில் எழுப்பினார். பின்பக்கத்துக்குக் காசு பற்றவில்லையோ மனம் பற்றவில்லையோ, என்ன மரம் நடலாம் என்று என்னிடம் வந்து கேட்டார். அங்கே, ஸ்காபரோவில், சீடர் பலகை வேலி போட்டாராம். பத்து வருசம் போகமுன்னம் கால்கள் மண்மட்டத்தில் உக்கிவிட்டனவாம். பெரியவர் சொன்னதைச் சொன்னேன். நாட்டுக் கிளுவை நடச் சொன்னேன், சீமைக்கிளுவை வேண்டாம் என்றேன். “ஆர் அண்ணை குழை வெட்டுறது? நான் தையோடை போயிடுவன்” என்றார். பின்வளவில் ஆடு வளர்க்கிற பிள்ளை ஒன்று இருக்கிறது. அவளோடு பேசி முடித்தோம். வேலி அவருடையது, குழை அவளுடையது. பட்டுப்போன கதியாலுக்குப் பதில் அவளே நடவேண்டும், ஆனால் அதே குழியில். அந்தக் கடைசி வசனத்தை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.